தெரு நாய் யாருடைய கணக்கில்?

நாயைப் பற்றி எழுத இந்த ஏட்டில் இடம் எதற்கு என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் வீடுகளில் நாய் இல்லை. நம் கடைகளிலும் இல்லை. நாய் லைசென்ஸுக்காக நகர் மன்றத்தில் காத்து நின்று பணம் கட்டியவர் நம்மவரில் அநேகமாக ஒருவரும் இரார். ஆகவே நாய் லைசென்ஸ், தெரு நாய்த் தொல்லை என்பனவெல்லாம் நாய் வளர்க்கும் மற்றச் சமூகத்தார் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். இப்படி ஒதுங்குவது நியாயந்தானா என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

லைசென்ஸ் என்றால் என்னவென்று வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்கு லைசென்ஸ், பெயர்ப்பலகைக்கு லைசென்ஸ், ஐந்தடியில் இரண்டு மேசை போடுவதென்றாலும் அனுமதி என்று ஆண்டு முழுவதும் அதனோடுதான் நம் பிழைப்பு. கட்டும் பணத்தைக் குறித்து நாம் முணுமுணுப்பதுண்டு. ஆனால் லைசென்ஸின் உயிர் பணத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. இந்தக் கடையில் ஒரு தவறு நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார் என்று அரசாங்கம் எழுதி வைத்துக்கொள்வதே லைசென்ஸ். நாய் லைசென்ஸும் அப்படிப்பட்டதே. ஆண்டுக்கொரு சிறு தொகையைக் கட்டி, நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு வில்லையை மாட்டிவிட்டால், அந்த நாய் கடித்தால் யாரைக் கேட்பது, வழி தவறினால் யாரிடம் சேர்ப்பது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. கோலாலம்பூரிலும், கிள்ளானிலும், ஏனைய சிலாங்கூர் நகரங்களிலும் இந்த விதி இருக்கிறது. தொகையும் பெரிதன்று.

இருந்தும் ஒரு குறை இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத கடையென்றால் முதலாளிக்குத் தண்டம்; கடைக்குப் பூட்டு. ஒட்டுக்கடைச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலும், தண்டத்தைக் கட்டி மீட்டுக்கொண்டு வரலாம். நாய் விஷயத்தில் நடப்பது வேறு. வில்லை இல்லாத நாயைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குறித்த நாட்களுக்குள் உரியவர் வந்து மீட்காவிட்டால் அதன் உயிர் போகிறது. பணம் கட்டாதவன் மனிதன், தண்டனை பிராணிக்கு. மேலும் ஒன்று. ஒழுங்காக லைசென்ஸ் எடுத்து, ஊசி போட்டு, கயிற்றில் கட்டி வளர்ப்பவர்தான் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார். ஈன்ற குட்டிகளைப் பெட்டியில் போட்டு இரவோடிரவாகச் சந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர் ஒரு காசும் கட்டுவதில்லை. கணக்குக் காட்டுபவன் தலையிலேயே வரி ஏறும் கதை நமக்குப் புதியதன்று!

கட்டணம் எதற்காக என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு சாட்சி. அங்கே 1796-ல் நாய்க்கு வரி விதித்தார்கள். 1878-ல் லைசென்ஸ் கட்டணத்தை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று வைத்தார்கள். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. நாணய முறை மாறியபோது அது 37½ பென்ஸ் ஆயிற்று. இரண்டு உலக யுத்தங்களைக் கடந்தும் விலை ஏறாத பண்டம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. முடிவில் வசூலாகும் பணத்தைவிட வசூலிக்கும் செலவு அதிகமாகி, 1987-ல் அதை எடுத்தே விட்டார்கள். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரோ கட்டணத்தை வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கே கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி. செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. இதில் கஜானாவை நிரப்பும் நோக்கம் குறைவு. தெருவில் விடப்படும் குட்டிகள் பிறவாமலே தடுக்கும் நோக்கம் அதிகம். கட்டணத்துக்கு ஒரு புத்தி இருக்கிறது என்று நாம் இதைச் சொல்வோம்.

இனி, பெயரில்லாத நாய்க்கு வருவோம். தெரு நாய்க்கு எசமான் இல்லை என்கிறோம். உண்மையில் இல்லையா?

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ, பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ, கடைகள் அடைத்த பிறகு பின்சந்தில் சென்று பார்ப்போருக்கு இதன் பதில் தெரியும். உணவுக்கடையின் மிச்சச் சோறு, கோழி எலும்பு, மீன் தலை, குழம்பு ஊறிய வாழை இலை எல்லாம் பையில் கட்டிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். குப்பை வண்டி வருவது விடியற்காலை. அதற்கு முன் வருவது நாய். அந்த நாயை நாம் வாங்கவில்லை, பெயர் வைக்கவில்லை, தொடவுமில்லை. ஆனால் அது உயிரோடிருப்பது நம் சோற்றில். அதன் குட்டிகள் வளர்வதும் நம் சோற்றில். ஒரு பிராணிக்கு நாள் தவறாமல் தீனி கிடைக்கச் செய்கிறவனுக்கு வளர்ப்பவன் என்ற பெயர் பொருந்தாதென்றால், வேறு எந்தப் பெயர் பொருந்தும்? நோக்கமில்லாமல் வளர்க்கிறோம் என்பதொன்றே வித்தியாசம். நோக்கமில்லாமல் செய்த வியாபாரத்தில் வந்த கடனையும் பேரேட்டில் எழுதத்தானே வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகத்தில் இதற்கு நீண்ட அனுபவம் உண்டு. சென்னை மாநகராட்சி பல தலைமுறைக் காலம் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன என்று அங்குள்ள புளூ கிராஸ் சங்கம் சொல்கிறது. ஆயினும் நாய்கள் குறைந்தபாடில்லை. 1959-ல் தோன்றிய அந்தச் சங்கம், கொல்வதை நிறுத்திக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யுங்கள் என்று 1960-களிலிருந்தே சொல்லி வந்தது. மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996-ல்தான். கொன்றும் குறையாத காரணம் எளிது. தெருவில் தீனி இருக்கிறவரை, காலியான இடத்துக்கு அடுத்த தெருவின் நாய் வந்துவிடுகிறது. எஞ்சியவை தாராளமாகத் தின்று ஈனுகின்றன. இலாபமுள்ள இடத்தில் ஒரு கடை மூடினால் மறு மாதமே இன்னொரு கடை திறப்பதை நாம் காணவில்லையா?

இங்கே நம்மவர் ஒரு கேள்வி எழுப்புவர். நாய் நஜீஸ் அல்லவா? ஆம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அது கடும் நஜீஸ். அதன் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மாலிக்கி மத்ஹபில் நாயே நஜீஸ் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் நம் வழி நமக்கு. அதை நாம் தளர்த்தச் சொல்லவில்லை. 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில், நாயைத் தொட்டுப் பழகலாம் வாருங்கள் என்று ஒரு நிகழ்ச்சி நடந்து, நாடெங்கும் பெரும் சர்ச்சையானது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தொடலாமா கூடாதா என்ற அந்த வாதத்திலேயே எல்லோருடைய கவனமும் போய்விட்டது என்பது நம் அபிப்பிராயம். தொடுவது ஒரு மஸ்அலா. அந்த உயிருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பது முற்றிலும் வேறு மஸ்அலா. கழுவுவதைப் பற்றிய சட்டம் கழுவுவதைப் பற்றியது மட்டுமே. இரக்கத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய வரலாறு புகாரியில் இருக்கிறது. அந்த மனிதர் நாயை வீட்டுக்கு அழைத்துப் போனதாக அதில் இல்லை. பூமியில் நடப்பனவும் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் அறிவிக்கிறது. மதீனாவில் ஒரு சமயம் நாய்களைக் கொல்லுமாறு ஆணை பிறந்ததும், பின்னர் அது தடுக்கப்பட்டதும், நாய்களும் ஒரு சமுதாயமே என்ற காரணம் சொல்லப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் காணப்படுவனவே. வேட்டைக்கும், மந்தைக்கும், வயற்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டென்பதையும், தேவையின்றி வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கையையும் நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆக, வளர்க்காதே என்று சொன்ன மார்க்கமே வதைக்காதே என்றும் சொல்லியிருக்கிறது. முதற்பாதியைக் கேட்டு மறுபாதிக்குக் காதை மூடிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இவ்வாறு எழுதுவதால் நாய்க்கடியை நாம் இலேசாக எண்ணுகிறோம் என்று யாரும் கருதவேண்டாம். ஒரு பிள்ளையின் உயிர் ஆயிரம் நாய்களினும் பெரிது. வெறிநாய் நோய் முற்றி அறிகுறி கண்டபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், பெரும்பாலும் ஏழைகள். நம் நாட்டுக்கும் இது தெரியாத நோயன்று. 1952-ல் மலாயாவில் வெறிநாய் நோய் பரவியபோது நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது, உரியவரற்ற நாய்கள் கொல்லப்பட்டன, நோய் அடங்கியது. 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017-ல் சரவாக்கில் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. எனவே வெறி பிடித்த நாயையும், மனிதர் மேல் பாயும் நாயையும் அகற்றும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. அது கடமையுங்கூட. மார்க்கமும் அதைத் தடுக்கவில்லை.

ஆனால் 1952-ன் பாடத்தை முழுவதும் படிக்கவேண்டும். அன்று நோயை அடக்கியதில் ஊசிக்கும் பெரும் பங்கு உண்டு. துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசுவோர் அதை விட்டுவிடுகிறார்கள். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஊசி போட்ட நாயைக் கொன்று, ஊசி போடாத புது நாய்க்கு இடம் விடுவது அந்தக் கணக்கை நாமே கெடுத்துக்கொள்வதாகும். இந்தியாவில் இவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. 2025 ஆகஸ்டு 11-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டில்லி வட்டாரத்துத் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க உத்தரவிட்டு, பதினொரு நாட்கள் கழித்து அதையே மாற்றி, கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. பெரிய நீதிபதிகளுக்கே இரண்டு வாரத்துக்குள் இரண்டு தீர்ப்பு வந்த விஷயம் இது. நாம் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மை இதை எழுதத் தூண்டியது வேறொரு சம்பவம். அது நடந்ததும் நம் கிள்ளான் பக்கத்திலேதான்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறினால் சற்று நேரத்தில் கெத்தாம் தீவு வந்துவிடும். நண்டுத் தீவு என்பது அதன் பொருள். சேற்று நிலத்தில் கால்நட்டு எழுப்பிய பலகை வீடுகளும், மீன் பிடித்துப் பிழைக்கும் சீனக் குடும்பங்களும் நிறைந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடப் போய்வந்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள். அங்கே தெரு நாய்கள் பெருகித் தொல்லையாயின. 2009-ஆம் ஆண்டில் ஊரார் கூடி அவற்றைப் பிடித்து, படகில் ஏற்றி, அருகிலுள்ள ஆளில்லாத சதுப்புக் காட்டுத் தீவுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் என்று அப்போது செய்திகள் கூறின. கொல்ல மனம் வராமல் இடம் மாற்றினோம் என்பது அவர்கள் தரப்பு நியாயம். அந்தத் தீவுகளில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தின்ன ஒன்றுமில்லை. சில வாரங்களில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தாரும் தொண்டர்களும் போய்ப் பார்த்தபோது, பசி தாளாமல் நாய்களே நாய்களின் உடலைத் தின்னும் நிலையில் இருந்தன. எஞ்சியவற்றுள் சிலவற்றை மீட்டு வந்தார்கள்.

அந்த மீனவர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். பிள்ளைகளைக் கடிக்கிறது, பலகைப் பாதையை அசுத்தம் செய்கிறது என்ற குறை மெய்யானதே. கத்தியை எடுக்க அவர்கள் கை நடுங்கியது என்பதும் மெய்யாகவே இருக்கலாம். அதனால்தான் இந்தச் சம்பவம் நம்மை அதிகம் உறுத்துகிறது. கொல்லவில்லை, ஆகவே பாவமில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். கண்ணுக்கு மறைந்தது கணக்கிலிருந்தும் மறைந்துவிடுமா?

இதே காரியத்தை ஒரு முஸ்லிம் தலைநகரமும் செய்திருக்கிறது. இஸ்தான்புல் நகரத்துத் தெருக்களில் நாய்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தன. மக்கள் அவற்றை வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் வாசலில் சோறும் தண்ணீரும் வைத்தார்கள். 1910-ல், நகரத்தை ஐரோப்பியப் பாணிக்குத் திருத்த விரும்பிய அதிகாரிகள், பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாடா என்னும் பாறைத் தீவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பசியாலும் தாகத்தாலும் அவை அங்கே மாண்டன. ஊளைச் சத்தம் காற்றில் கரை வரை வந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நகரத்தார் அதை இன்றளவும் வெட்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடாமல், அது தானாகப் போய்ப் புழு பூச்சியைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற ஹதீஸை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அவளும் பூனையைக் கையால் கொல்லவில்லை. கெத்தாம் ஊராரையும் இஸ்தான்புல் அதிகாரிகளையும் போல அவளும், நான் தொடவே இல்லையே என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சாக்கு அங்கே எடுபடவில்லை.

நம் நிலைமை இவர்களிலிருந்து எவ்வளவு தூரம்? பின்சந்தில் நாய் கூடிவிட்டால் நகர் மன்றத்துக்குத் தொலைபேசியில் புகார் சொல்கிறோம். வண்டி வருகிறது, சுருக்குக் கயிறு வருகிறது, சந்து சுத்தமாகிறது. எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே உதிப்பதில்லை. மறுநாளும் அதே சுவரோரத்தில் அதே சோற்றுப் பையை வைக்கிறோம். மூன்று மாதத்தில் வேறு நாய்கள். மறுபடியும் புகார். ஒரு கையால் வளர்த்து மறு கையால் ஒப்படைக்கிறோம். இரண்டு கையிலும் ஈரம் படவில்லை என்பதால் இரண்டும் சுத்தம் என்றும் நம்பிவிடுகிறோம். இது ஏழு முறை கழுவிப் போகிற அழுக்கு அன்று.

சட்டமும் இப்போது முன்போல இல்லை. 1953-ஆம் ஆண்டு மிருகச் சட்டத்தில் வதைக்கு 200 வெள்ளி அபராதம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2015-ல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் அமலுக்கு வந்த மிருக நலச் சட்டத்தின்படி, மிருகத்தை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சோற்றில் விஷம் வைத்தால் தீர்ந்தது என்று பின்சந்தில் யோசனை சொல்லும் மேதாவிகள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கருத்தடை பற்றி ஆலிம்களிடையே பேச்சு இருக்கிறது. உண்ணத்தகாத பிராணிகளுக்கு விதையடிப்பதை நம் மத்ஹபின் பழைய நூல்கள் தடுத்திருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூனைகளின் விஷயத்தில் தேவை கருதி அது ஆகும் என்று இந்நாட்டில் விளக்கம் தரப்பட்டிருக்கிறது. இரண்டு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்பது ஃபிக்ஹின் விதிகளில் ஒன்று. ஒரு முறை கத்தி படுவதா, ஆண்டுதோறும் குட்டி போட்டு ஆண்டுதோறும் கொல்லப்படுவதா, இதில் இலேசானது எது என்பதை நம் ஆலிம் பெருமக்கள் நாயின் விஷயத்திலும் ஆராய்ந்து எழுதினால் இந்த ஏடு நன்றியோடு வெளியிடும்.

அதற்கு முன்னதாகச் செய்யக்கூடியவற்றுக்கு யாருடைய ஃபத்வாவும் தேவையில்லை. இறுக மூடும் தொட்டி, பின்சந்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு அதிகம் ஆகாது. எலும்பையும் சோற்றையும் பிரித்துக் கட்டி, குப்பை வண்டி வரும் நேரத்துக்கு முன்னால் மட்டும் வெளியே வைக்கும்படி கடைச் சிப்பந்திகளுக்குச் சொல்வதற்கு ஒரு காசும் ஆகாது. எலியும் இதனால் குறையும். சுகாதார அதிகாரி வரும்போது அது நமக்கே இலாபம்.

நகர் மன்றத்துக்குப் புகார் எழுதும் அன்பர்கள் இனி மேலும் இரண்டு வரி சேர்த்து எழுதலாம். பிடித்த நாய்களை எங்கே வைப்பீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள், ஊசியும் கருத்தடையும் செய்து விடும் ஏற்பாடு உண்டா, வசூலாகும் நாய் லைசென்ஸ் பணத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று. கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கானாலும் சரி, 2024-ல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளானுக்கானாலும் சரி, கடை லைசென்ஸ் கட்டும் நமக்கு அதைக் கேட்கும் பாத்தியதை உண்டு. பதில் கிடைத்தவர்கள் ஒரு நகலை நம் காரியாலயத்துக்கு அனுப்பி வைத்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.